எட்டாம் நாள் உருண்டை

தக்கை அசைந்தால் இப்போது சொல்ல வேண்டாம், மீனைப் பார்த்துக்கொள்ளலாம். அசையாமலே இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று பரணிதரன் தனக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டு அரை மணி நேரமாயிற்று. அரை மணி நேரமாகத் தக்கை அசையவில்லை. ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசி முழுக்கத் தூண்டிலைத் தொடாதவர்கள் இன்றைக்குத்தான் ஆற்றுக்கு வந்திருந்தார்கள். பெரிய கூட்டமில்லை. பழைய பம்ப்செட் அறைக்குக் கீழே பவானி ஆறு முழங்கை மாதிரி மடங்குகிற இந்த இடத்துக்குத் தொடர்ந்து வருகிறவர்கள் மொத்தமே நான்கு பேர். இடது பக்கம் பத்தடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் நாச்சிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், சட்டையில் எப்போதும் வார்னிஷ் வாசம் அடிக்கும். அவருக்கும் அப்பால் பரோட்டாக்கடை சபியுல்லா பாய், கையில் மைதா மாவை உருட்டிக்கொண்டு. நான்காவது ஆள் இங்கே இல்லை. இருநூறு அடி கீழே, ஊர்ச் சாக்கடை ஆற்றில் வந்து கலக்கிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான் மாதேசன். அந்த இடத்தில் கெளுத்தியைத் தவிர ஒன்றும் கிடைக்காது, கிடைத்தாலும் குழம்பில் சாக்கடை நாறும். அங்கே போய் உட்கார் என்று இன்றைக்கு யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனாகவே வந்தான், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், அவனாகவே இறங்கிப் போய்விட்டான். அந்த முதுகைப் பார்க்காமல் தக்கையைப் பார்ப்பது எப்படி என்று பரணிதரனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தக்கை மிதக்கிற கோட்டிலேயேதான் தூரத்தில் அந்த முதுகும் இருந்தது. இடத்தை மாற்றி உட்காரலாம். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், அவனுக்குத்தான் கேட்பது போலிருக்கும். நாச்சிமுத்து அண்ணன் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எட்டு மணிக்கு ஊற்றுவார். இப்போது ஏழேகால் இருக்கும், ஏழரைகூட ஆகியிருக்கலாம், செல்போனை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த மீனை நான்தான் பிடித்தேன். இதை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆற்று மீன் யாருக்குச் சொந்தம், பிடித்தவனுக்குச் சொந்தம் என்பார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் பேர் ஊர் சொல்லாமல் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அவர் நிமிரக்கூட இல்லை, இதிலென்ன தப்பு என்று கேட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார். தூண்டில்காரர்களுக்குத்தான் இது தெரியும். பெரிய மீன் ஒன்று ஓரிடத்தில் புரள்வதைப் பார்த்துவிட்டால் உடனே தூண்டிலைப் போடுகிறவன் விவரமில்லாதவன். விவரமானவன் அந்த இடத்துக்கு இரை போட்டுப் பழக்குவான். தவிடு, கடலைப்புண்ணாக்கு, கொஞ்சம் வெல்லம், பிடிப்புக்குக் களிமண். தேங்காய்ப் பருமனில் உருண்டை பிடித்து, தினம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போட்டுவருவான். ஏழெட்டு நாளில் மீன் அந்த நேரத்துக்கு அங்கே வந்து காத்திருக்கும். பழக்குகிற இடத்துக்கு நேரே கரையிலுள்ள செடியில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டால் போதும், மற்றவன் அங்கே முள்ளை இறக்க மாட்டான். யாரும் எழுதி வைத்ததில்லை. குடித்துவிட்டு வருகிறவன்கூட அந்தத் துணியைக் கண்டால் நாலடி தள்ளிப் போவான். ஆவணியில் நாச்சிமுத்து அண்ணன் அப்படித்தான் சிவப்புத் துணி கட்டினார். மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் ஆவணிக் கடைசி ஞாயிறு விருந்துக்கு வருகிறார்கள், அதை விட்டால் புரட்டாசி, கவிச்சி கிடையாது. சம்பந்தி கரூர்ப் பக்கம் காவிரிக் கரைக்காரர், ஆற்று மீனென்றால் என்னவென்று தெரிந்தவர். "உங்கூரு ஆத்துல அரைக்கிலோவுக்கு மேல மீனு கெடைக்குமுங்களான்னு கல்யாணப் பந்தியில கேட்டாரு சார் அந்தாளு, எல வெச்சு எல்லாரும் உக்காந்திருக்கறப்ப," என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாளிலிருந்து விடிகாலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஆற்றுக்கு வந்து உருண்டை போட்டுவிட்டுப் போனார். தினம் ஐந்து உருண்டை. ஏழு நாள். எட்டாவது நாள் சனிக்கிழமை அவரால் வர முடியவில்லை, காங்கயத்தில் ஒரு நூல் மில்லில் மோட்டார் எரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலையே கிளம்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் பரணிதரனின் வீட்டு வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை, வண்டியை அணைக்கவுமில்லை, ஒரு துணிப்பையை நீட்டினார். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போட்டுடுங்க சார். ஆறே காலுக்கு. பாய் வந்தா அவரு தூண்டிலப் போட்டாலும் போட்டுப்போடுவாரு. உங்களைத் தவிர நான் யாரையும் நம்பறதில்லீங்க."

கம்பை ஏன் எடுத்துக்கொண்டு போனான்? இங்கேதான் எப்போதும் வந்து சிக்கிக்கொள்ளும். ஐந்து வாரமாகப் படுத்தால் இது, எழுந்தால் இது, அலுவலகத்தில் கூட்டல் போடும்போது நடுவில் இது. உருண்டை போடப் போகிறவனுக்குக் கம்பு எதற்கு? போட்டுவிட்டு அப்படியே பாலத்தடியில் அரை மணி நேரம் கெண்டைக்குப் போடலாம், பிறகு அலுவலகம் போகலாம், சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் என்று நினைத்தான். அப்படி நினைத்தது உண்மை. உண்மையா? பாலத்தடியில் கெண்டைக்குப் போகிறவன் எட்டாம் நம்பர் முள்ளை முந்தின நாள் மாலையே தங்கூசி நரம்பில் ஏன் கட்டி வைத்தான்? கெண்டைக்குச் சின்ன முள் போதும். கட்டும்போது அவன் மனம் எதையும் சொல்லவில்லை, கை மட்டும் கட்டியது; பல்லால் நரம்பை இழுத்து முடிச்சை இறுக்கியது, எச்சில் தொட்டு ஈரமாக்கியது, அதெல்லாம் இப்போதும் வாயில் இருக்கிறது, அந்த நரம்பின் உப்புச் சப்பில்லாத ருசி. கை செய்வது மனத்துக்குத் தெரியாது என்று யாராவது நீதிபதியிடம் போய்ச் சொன்னால் ஒப்புக்கொள்வாரா. ஆறு மணிக்கே வந்துவிட்டான். ஆற்றின் மேல் மூடியிருந்த பனி மாதிரியான ஒன்று விலகிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி ஈரமாகத் தொங்கியது. அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முதுகு எழுந்து, மெதுவாக, சோம்பல் முறிக்கிற மாதிரி புரண்டு அடங்கியது. சத்தமே இல்லை. கட்லா. அவன் பிறந்து இருபத்துமூன்று வருடத்தில் அத்தனை பெரிய மீனைத் தூண்டிலுக்கு எட்டும் தூரத்தில் பார்த்ததில்லை. அது அவனுக்காக வரவில்லை, நாச்சிமுத்து அண்ணனின் புண்ணாக்குக்காக, அவருடைய ஆறே காலுக்காக வந்திருந்தது. அது தெரிந்தேதான் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், மாட்டவா போகிறது என்று நினைத்தான். அந்த நினைப்பு மட்டும் சொல் சொல்லாக ஞாபகம் இருக்கிறது. மாட்டவா போகிறது. பிறகு கம்பு வளைந்ததும், ரீல் கத்தியதும், அது பழைய பம்ப் குழாயைப் பார்த்து ஓட இவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும், பேன்ட்டோடு, செருப்போடு, வாய்விட்டு ஏதோ சொன்னதும் — அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பயந்துகொண்டே செய்தேன் என்று சொல்ல முடியாது. கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை, அன்றைக்கு வாடகைக் கோட்டு கழுத்தை அறுத்தது.

கரையில் கிடந்த மீனைப் பார்த்தபோதுதான் இதை எங்கேயும் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா அரிசி ஆலையில் சொல்லுவார். அவர் அங்கே மூட்டை தூக்குகிறவர், மகன் ஆறு கிலோ மீன் பிடித்தான் என்பதை அந்த ஆலையில் இருபது பேரிடமாவது சொல்லாமல் அவருக்கு மூட்டை ஏறாது; அந்த இருபது பேரில் மாதேசனும் ஒருவன், அவனும் அங்கே மூட்டைதான். திரும்ப ஆற்றில் விடலாமென்றால் அது வாயைத் திறந்து மூடுவதை நிறுத்தியிருந்தது. உரச்சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துக் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே அலுவலக மேலாளர் வீடு ஞாபகம் வந்தது. வந்ததா, முன்பே இருந்ததா. ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று அவர்தான் எழுத வேண்டும். வண்டி அவர் தெருவுக்குள் போனபோது, ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறவனைப் போலக்கூட இருந்தது. மேலாளரின் மனைவி கதவைத் திறந்து சாக்கைப் பார்த்தார், அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார், அவனுடைய நனைந்த பேன்ட்டைப் பார்த்தார். "இன்னைக்குச் சனிக்கிழமைங்களே தம்பி, நாங்க தொடறதில்லையே" என்றார். கோபமில்லை, எங்கேயிருந்தோ வந்த பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிற ஒரு தன்மை. வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்மேல் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை மேலாளர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மீனை யார் தின்றார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் பரணிதரனுக்குத் தெரியாது. வாட்ச்மேனா, தெரு நாயா. அந்த வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போது செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட்டது, அந்தம்மா கதவைச் சாத்தாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏனுங் சார், இன்னைக்கு வாயே தொறக்க மாட்டீங்கறீங்க?" என்றார் நாச்சிமுத்து அண்ணன். பரணிதரன் திடுக்கிட்டுத் தக்கையைப் பார்த்தான், தக்கை அப்படியே நின்றது. "ஒண்ணுமில்லீங்கண்ணா." சபியுல்லா பாய் மாவை முள்ளில் செருகிக்கொண்டே, "தம்பிக்கு வூட்ல பொண்ணு பாக்கறாங்களோ என்னமோ" என்றார். "பொண்ணு பாத்தா சிரிக்கோணும் பாய், இப்பிடியா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு உக்காருவாங்க?" "கட்டுன நீ சிரிச்சுட்டா இருக்கறே?" "அட, உங்க மாவக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க. ஒரு மாசம் தூண்டிலப் போடாம உங்க பரோட்டா மாவெல்லாம் எங்கதான் போச்சோ." "நீங்கெல்லாம் கவிச்சி வுட்டுப்போட்டுக் கடைப்பக்கம் வராததுல மாவு முச்சூடும் எனக்கேதான் மிச்சம். நானே தின்னேன். பாரு வயித்த." இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடத்தில், அடுத்த பேச்சு தொடங்குவதற்கு முன்னால், ஒரு சந்து மாதிரி இடைவெளி கிடைத்தது. இப்போது சொல்லிவிடலாம், இதுதான் நேரம், வாயைத் திறந்தான், அப்போது பாயின் தக்கை முங்கியது. பாய் இழுத்தார். விரல் நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை வெயிலில் பளபளத்துத் துடித்தது. அதைக் கழற்றித் திரும்ப எறிந்தார். வாயை மூடிக்கொண்டான். மூடும்போது நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருந்ததை உடனே கண்டுபிடித்துவிட்டான், ஒளிந்திருந்த இடத்தில் யாரோ விளக்கடித்த மாதிரி காது சுட்டது.

விருந்து ஞாயிற்றுக்கிழமையும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று வந்தான். இரவு பெய்த மழையில் கால்தடங்கள் போயிருந்தன. நாச்சிமுத்து அண்ணன் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் தக்கையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஒரு கொத்தல் இல்லை. பத்து மணிக்கு எழுந்தவர் துணி கட்டியிருந்த செடியடியில் குனிந்து எதையோ சேற்றிலிருந்து பிய்த்தெடுத்தார். செதில். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. உள்ளங்கையில் வைத்து அதையே வெகுநேரம் பார்த்தார். வீட்டில் சம்பந்தி வந்து இறங்கியிருப்பார். கடையில் பண்ணை மீன் வாங்கித்தான் அன்றைக்குக் குழம்பு வைத்தார்கள் என்றும், ஒரு வாய் வைத்ததும் சம்பந்தி "கொளத்து மீனுங்களா" என்று மட்டும் கேட்டார் என்றும் பின்னால் பாய் சொன்னார். ஆனால் அன்றைக்கு அந்தச் செதிலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் முதலில் திரும்பியது பரணிதரன் பக்கம்தான். சந்தேகப்பட்டு அல்ல, சாட்சி கேட்டு. "சார், நேத்து நீங்க வந்தப்ப மாதேசன் இந்தப் பக்கம் சுத்தீட்டிருந்தானுங்களா?" கேள்வியிலேயே ஒரு பெயர் இருந்தது. அவன் வைக்கவில்லை, அதுவாகவே அங்கே இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலையில் ஆற்றங்கரையில் யாருமே இல்லை, ஒரு காக்கை இருந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அப்போ யாரு என்று. அவன் சொன்னது: "கவனிக்கலைங்க." எவ்வளவு பத்திரமான பதில். பொய் என்று யாரும் அதைப் பிடிக்க முடியாது. படித்தவன் சொல்கிற பதில். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அண்ணனும் பாயும் மீதியைத் தாங்களே கட்டினார்கள். மாதேசன் இரண்டு வருடத்துக்கு முன்னால் குடிபோதையில் பாயின் கூடையிலிருந்து ஒரு விராலை எடுத்துக்கொண்டு போனவன். உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் போதை தெளிந்ததும் தானே பரோட்டாக்கடைக்கு வந்து, நின்றபடி, நாந்தான் எடுத்தேன் என்று சொன்னான். ஒரு இரவுதான் அவனுக்கு ஆயிற்று. பரணிதரனுக்கு ஐந்து வாரம். அன்று கொஞ்ச நேரத்தில் மாதேசன் தூண்டிலோடு வந்தபோது நாச்சிமுத்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய்தான் சொன்னார், "இந்தப் பக்கம் இனி வேண்டாம்ப்பா." எதற்கு என்று மாதேசன் கேட்டான். சொன்னார்கள். "நான் எடுக்கலீங்க" என்றான். பிறகு நான்கு பேர் முகத்தையும் பார்த்தான். நான்கு இல்லை, மூன்று. மூன்றாவது முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தான் என்று பரணிதரனுக்குத் தெரியாது, அவன் அப்போது குனிந்து, சிக்காத நரம்பில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் ஒரு நாள் மாதேசன் வீட்டுக்கு வந்தான். கதவருகே நிழல் விழுந்ததும் அவன்தான் என்று தெரிந்துவிட்டது. கேட்கத்தான் வந்திருக்கிறான், கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்கட்டும் என்று நினைத்தான். மாதேசன் கேட்கவில்லை. மகளுக்குப் படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினான். அந்தத் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் பரணிதரன்தான். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கி ஆலைக்குக் கூட்டிப் போனவன் மாதேசன், அப்போதெல்லாம் டேய் பரணி. எப்போது சார் ஆனான் என்று யோசித்தால், கல்லூரியில் சேர்ந்த வருடம் ஆகவில்லை, முதல் படிவம் நிரப்பிக் கொடுத்த நாளில் ஆனான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். பரணிதரன் அந்த விண்ணப்பத்தை நிரப்பின மாதிரி எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தின் நடுவில் வைத்தான், பெயரை இரண்டு முறை ஆதாரோடு சரிபார்த்தான், நல்ல கையெழுத்து ஏதோ ஒன்றைத் துடைத்துவிடும் என்பது போல. போகும்போது மாதேசன், "ஆத்துப் பக்கமெல்லாம் போறதில்லீங்க சார் இப்ப" என்றான். குற்றம் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்குங்க என்பது போலச் சொன்னான். அன்றைக்குச் சோறு தின்னும்போது அப்பா, "மாதேசன் மேல என்னமோ மீனுக் கணக்குச் சொல்றாங்களாமே, ஆலையில பேசிக்கிறாங்க. அவன் அப்பிடி இல்ல கண்ணு. நம்ம மாதிரி ஆளுக மேல எதை வேணாச் சொல்லலாம்னு இருக்காங்க" என்றார். பிறகு மகனைப் பார்த்து, சோற்றுக் கையை நீட்டி, "இனி உம்மேல சொல்ல மாட்டாங்க" என்றார். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மூட்டை தூக்கித் தோல் காய்த்துப்போன கழுத்தோடு, அவர் சம்பாதித்தது அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்கிற மாதிரி. பரணிதரன் தண்ணீர் குடித்தான். நிஜம்தான் அப்பா. சொல்லவில்லை. நானே செய்தும் என்மேல் சொல்லவில்லை.

பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மணி. டீ ஆவியோடு ஏலக்காய் வாசம் வந்தது. நாச்சிமுத்து அண்ணன் முதல் டம்ளரை எழுந்து வந்து அவனிடம்தான் நீட்டினார், எப்போதும் அப்படித்தான், பாய் வயதில் மூத்தவராக இருந்தும். டம்ளரை வாங்கவில்லை. வாங்கினால் முடிந்துவிடும் என்று தோன்றியது. "அண்ணா, அந்தக் கட்லாவ நாந்தாங்க புடிச்சேன்." சொல்லிவிட்டான். ஆறு அப்படியே போய்க்கொண்டிருந்தது. "எந்தக் கட்லாங்க?" "உங்க கட்லா. ஆவணியில. நீங்க உருண்டை போடச் சொன்னீங்களே, அந்தச் சனிக்கிழமை." நாச்சிமுத்து அண்ணன் டம்ளரை நீட்டியபடியே நின்றார். முதலில் அவர் கீழே சாக்கடைப் பக்கம் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார், பிறகு முகம் இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்ததும் பரணிதரனுக்கு நடக்கப்போவது புரிந்துவிட்டது. "அவன் உங்க வூட்டுக்கு வந்து அழுதானாக்கும்" என்றார். "இல்லீங்கண்ணா, நெசமா—" "எனக்குத் தெரியுமுங்க சார். உங்கப்பாவும் அவனும் ஒண்ணா வேலை செய்யறவங்க. பாத்தீங்களா பாய், அவம் பழியத் தூக்கி இவரு தலைல வெச்சுக்கறாரு. இதுக்குத்தான் நாலு எழுத்துப் படிச்சிருக்கோணுங்கறது. நமக்கெல்லாம் இந்த மனசு வருமா?" பாய் தலையை ஆட்டினார். "மாசம் ஒண்ணு ஆச்சு, வுடு முத்து. தம்பியே சொல்லுது." "வுட்டேன் பாய்." கையை வாயருகே குவித்துக் கத்தினார், "டேய் மாதேசா! மேல வாடா! சார் உனக்காவ பேசீட்டாரு, போனது போவுது, வந்து டீயக் குடி!"

மாதேசன் எழுந்தான். வரவில்லை. தூண்டில் கம்பைக் காலில் அழுத்திக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே பேசினான், சாக்கடை கொட்டுகிற சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று குரலைத் தூக்கி. "நான் அந்த மீனத் தொடலீங்கண்ணா. தொடாததுக்கு எனக்கு மன்னாப்பு வேண்டாமுங்க." பிறகு, "சார், நீங்க எனக்காவ பொய் சொல்லாதீங்க" என்றான். உட்கார்ந்துவிட்டான். "பாரு திமிர" என்று பாய் முணுமுணுத்தார். நாச்சிமுத்து அண்ணன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கெட்டவனுக்கு நல்லது செய்தால் இப்படித்தான் என்பது போலப் பரணிதரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதைதான் தாங்க முடியாமல் போயிற்று. அவன் முதலிலிருந்து தொடங்கினான். எட்டாம் நம்பர் முள் என்றான். ஆறு மணிக்கே வந்தேன் என்றான். துணி ஈரமாக இருந்தது. மீன் மாட்டியதும் பம்ப் குழாய்ப் பக்கம் ஓடியது, நரம்பு குழாயில் உரசியது, இடுப்பளவு இறங்கினேன், செருப்போடு. கரையில் இழுத்துப் போட்டுச் செவுளில் கையை விட்டுத் தூக்கினேன், இடது பக்கம் செதில் உதிர்ந்திருந்தது. ஆறு கிலோவுக்கு மேலே இருக்கும். உரச்சாக்கு. மேலாளர் வீடு, சனிக்கிழமை, வாட்ச்மேன், துவைக்கிற கல். அவன் குரல் படிவம் வாசிக்கிற மாதிரி ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தினால் வேறு ஏதாவது சத்தம் வெளியே வந்துவிடும். பாய் மாவு உருட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. நாச்சிமுத்து அண்ணனின் முகம் மாறவில்லை; எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாடிக்கையாளர் ஏதேதோ சொல்லும்போது, அவர் சொல்வதை விட்டுவிட்டு மோட்டாரையே முகர்ந்து பார்க்கிற முகம் அவருக்கு ஒன்று உண்டு, அந்த முகமாக இருந்தது. எல்லாம் சொல்லி முடித்தான். கத்துவார் என்று காத்திருந்தான். அடித்தால்கூடத் தேவலை.

"உருண்டை?" என்றார்.

"என்னங்கண்ணா?"

"அஞ்சு உருண்டை குடுத்தனே. மீனத்தான் எடுத்துட்டீங்க. உருண்டையவாச்சும் போட்டீங்களா?"

ஐந்து வாரமாக அவன் எத்தனை கேள்விகளுக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தான், இது அதில் இல்லை. அந்தத் துணிப்பையை அவன் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சாக்கைக் கட்டக் கயிறு போதவில்லை, அந்தப் பையின் காதைக் கிழித்து முடிச்சுப் போட்டான். உள்ளே இருந்தது பாரமாக இருந்தது. "இல்லீங்க" என்றான். "பாலத்துக்கிட்ட கொட்டிட்டனுங்க."

"கொட்டிட்டீங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன். டம்ளரிலிருந்த டீயைத் தரையில் ஊற்றினார், கோபமாக இல்லை, ஆறிப்போனதை ஊற்றுகிற மாதிரி. "ஒரு மீனு போனா இன்னொண்ணு வந்து நிக்குமுங்க. ஏழு நாளா தின்னு பழகுன எடம். அன்னைக்கு மட்டும் இரை வுழுந்திருந்தா ஞாயித்துக்கெழம ரண்டு கிலோவுல ஏதோ ஒண்ணு எனக்கு நின்னிருக்கும். நான் அதக் கொண்டுபோய் ஆக்கிப் போட்டிருப்பேன்." அவ்வளவுதான் பேசினார். நரம்பைச் சுற்றினார். முள்ளைத் தக்கையில் குத்தி வைத்தார். கம்பையும் பெயின்ட் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு கரையோடு கீழே இறங்கி நடந்தார். பாய் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார், "கடையில ஆளு வந்திருக்கும்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார், மாவைத் துணியில் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். சாக்கடை ஓரத்தில் நாச்சிமுத்து அண்ணன் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். மாதேசன் தன் புழு டின்னை நகர்த்தி இடம் விட்டான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பேசினார்களா என்றும் தெரியவில்லை, இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. ஆற்றின் அந்த வளைவு முழுவதும், இருப்பதிலேயே நல்ல இடம் முழுவதும், பரணிதரனுக்கு மட்டும் என்று கிடந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். வண்டி நிற்பது அவர்களைத் தாண்டித்தான். தக்கை ஒருமுறை சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு நேராக உள்ளே போயிற்று. அவன் முடிவு செய்வதற்குள் கை இழுத்துவிட்டது. கனமான மீன். தண்ணீரை உடைத்துக்கொண்டு வாலால் அடித்தது, மறுபடி அடித்தது; அந்தச் சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். மீன் துள்ளுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்காத தூண்டில்காரன் கிடையாது, எவ்வளவு பெரியது என்று பார்க்காமல் இருக்க அவனால் முடியாது. கீழே இரண்டு பேரும் தங்கள் தக்கையைப் பார்த்தபடி இருந்தார்கள்.